ஸ்டோரேஜ் கட்டில், பரண் வேலை என்று சொல்லி 64,000 ரூபாய் போய்விட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஜாக்கிரதை

வீட்டில் சாமான் வைக்க இடமில்லை என்று பரண், அலமாரி, ஸ்டோரேஜ் கட்டில் வேலை எதையாவது யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நேற்றுச் சாயங்காலம் அந்தக் கடைக்காரர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 64,000 ரூபாய். என் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

கடை பெயரையும் ஆப் பெயரையும் இப்போது எழுதவில்லை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்று, அதன் பார்ட்னர் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் ஒரு மாடுலர் ஃபர்னிச்சர் கடை. அதுவரை தெரிந்தால் போதும்.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் எப்படி ஏமாந்தோம் என்று புரியும். முன்பு சிந்துபூந்துறையில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையையும் தாமிரபரணி தெருவுக்குள் வந்ததையும் இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக வைத்திருந்தது அத்தனையும் போயிற்று. என் கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் சின்ன வயசு போட்டோக்கள் எல்லாம் சேறு. இனிமேல் கீழ்வீடே வேண்டாம் என்று கடன் வாங்கி கே.டி.சி. நகர் பக்கம் முதல் மாடியில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். 520 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி. நாங்கள் நாலு பேர்.

இந்த வருஷம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை விற்க வேண்டியதாகிவிட்டது. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள். அந்த வீட்டில் தார்சா, பட்டாசல், அதற்குள்ளே அரங்கு வீடு என்று அறைகள் அடுக்கடுக்காகப் போகும். சாமான் எல்லாம் அரங்குக்குள் இருக்கும், மச்சில் இருக்கும், எங்கே என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு இருட்டிலும் தெரியும். பாதியை அண்ணன் வீட்டுக்கு அனுப்பியும், கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தும், ஒரு சின்ன யானை வண்டி நிறைய சாமானோடு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு சீராக வந்த செம்பு அண்டா, இரண்டு தவலை, போணிகள், மூன்றடிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, நார்ப்பெட்டிகள், சுளவு (முறம்), அப்பாவின் டிரங்குப் பெட்டி. அப்புறம் அந்தப் பத்தமடைப் பாய். அப்பா பெயரும் அம்மா பெயரும் கல்யாணத் தேதியும் வைத்து நெய்தது. அதை மடிக்கக் கூடாது, மடித்தால் கோரை முறிந்துவிடும். சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

கூடத்தில் நடக்க வழியில்லை. அண்டாவுக்கும் டிவிக்கும் நடுவில் பாயை விரித்து அம்மா படுத்தாள். பாத்திரத்தை எடைக்குப் போடலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரியே அந்த ஆப்பில் 'வீட்டுச் சேமிப்பு இடம், இலவச அளவெடுப்பு' என்று இருந்ததை அழுத்தினேன்.

மறுநாளே ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். மற்றவர்கள் வந்தால் சுவரை அளப்பார்கள். இவன் முதலில் சாமானை அளந்தான். அண்டாவைச் சுற்றி டேப்பைப் பிடித்தான், உயரம் 20 அங்குலம் என்று நோட்டில் குறித்தான். குத்துவிளக்கைக் கழற்றினால் எத்தனை துண்டு என்று கேட்டான். பாயைப் பார்த்துவிட்டு, "எங்க ஆச்சி வீட்லயும் இப்படி ஒண்ணு இருந்துச்சு, எலி கடிச்சுப் போச்சு" என்றான். அம்மா முகத்தை அப்போது பார்க்க வேண்டும். வந்ததிலிருந்து அவள் சாமானை ஒருத்தராவது சாமானாக மதித்தது அன்றைக்குத்தான்.

"கட்டில் சாதாரணமா 18 அங்குலம்தான்க்கா இருக்கும். நமக்கு 26 அங்குலத்துக்குத் தூக்கிருவோம். உள்ள 21 அங்குலம் கிடைக்கும், அண்டா அப்படியே இறங்கிரும். ஆச்சி ஏறி உக்கார பக்கத்துல படி மாதிரி ஒரு டிராயர். ரூம்ல பரணுக்குக் கதவு, கூடத்துல புதுசா ஏழடிப் பரண், பாய் அதுல நீளமா படுத்துக்கிடும். எல்லாம் 710 கிரேடு பிளை. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தரக் குறியீடுதான் 710. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. ஆனால் 'தண்ணியில போட்டாலும்' என்ற சொல் எங்களை மாதிரி வீட்டுக்குள் வெள்ளம் பார்த்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா அவனுக்குக் காபி போட்டாள். போகும்போது ஒரு பொட்டலம் அல்வாவும் கொடுத்துவிட்டாள்.

மொத்தம் 96,000. அன்றைக்கே 40,000 அட்வான்ஸ். "ஆப்ல கட்டுனா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட வரும்க்கா, மேனேஜர் நம்பருக்கே போட்டுருங்க" என்றான். மிச்சம் என்று நினைத்து யூபிஐ-யில் போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அந்த மேனேஜர் போன் பண்ணினார். போர்டு லோடு இறங்கிவிட்டது, இன்னொரு 24,000 போட்டால் இன்றைக்கே கட்டிங் என்றார். போட்டேன். ஆக 64,000.

கொட்டேஷன் என்று வாட்ஸ்அப்பில் வந்த காகிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'ஸ்டோரேஜ் கட்டில் – 1, பரண் வேலை – 2, பிளை, மைகா உட்பட.' அவ்வளவுதான். 26 அங்குலமும் இல்லை, 21 அங்குலமும் இல்லை, 710-ம் இல்லை. அவன் நோட்டில் எழுதியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம், அதனால் இந்தக் காகிதத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் இரண்டு பேர் வந்து கட்டிலை மாட்டிவிட்டுப் போனார்கள். அளவெடுத்த பையன் வரவில்லை. கட்டில் உயரம் 16 அங்குலம். உள்ளே 11 அங்குலம். எங்கோ தயாராக இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள். அம்மா அண்டாவைப் பக்கத்தில் உருட்டி வைத்துப் பார்த்தாள். கட்டில் மூடிக்கு மேலேயே அது நாலு அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்களைக் கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, மாட்டச் சொன்னாவ, மாட்டுதோம்" என்றார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டு சின்னச் சாமான்களை உள்ளே வைத்தோம். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வீட்டைக் கழுவிவிடுவாள், அது அவள் வழக்கம். இரண்டாவது வெள்ளிக்கே கட்டிலின் அடிப்பகுதி ஊறி, மைகா பிளந்து, இட்லி மாதிரி உப்பிவிட்டது. 17-வது நாள் என் மகள் ஹைட்ராலிக் மூடியைத் தூக்கி உள்ளே கையை விட்டிருக்கிறாள். ஸ்க்ரூ அப்படியே உருவிக்கொண்டு மூடி கீழே விழுந்தது. ஒரு நொடி முன்னால் கையை எடுத்ததால் பிழைத்தாள். பத்து வயசுப் பிள்ளை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மா ஊரிலிருந்து ஓர் ஆசாரியை வரவழைத்தோம். அவர் விளிம்பில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் உரித்துக் காட்டினார். "பிளைவுட்டுன்னா அடுக்கு அடுக்கா ரேகை தெரியும் தாயி. இதைப் பாரு, வெறும் மரத்தூளும் பசையும். பார்ட்டிகிள் போர்டு. இதுல ஸ்க்ரூ நிக்காது, தண்ணி பட்டா பொரிஞ்சிரும்." மெஷினில் அழகாக ஒட்டிக் கொடுக்கும் அந்தப் பட்டைதான் உள்ளே இருப்பதை மறைக்கிறது. வாங்கும்போது நாமோ அந்த அழகைத்தான் தடவிப் பார்க்கிறோம்.

இனி அவர்கள் சொன்ன சாக்குகள். முதல் வாரம், நல்ல போர்டு பெரும்பாவூரிலிருந்து வர வேண்டும், வந்ததும் மாற்றித் தருகிறோம். அடுத்த வாரம், கார்பெண்டருக்கு ஊரில் கோயில் கொடைத் திருவிழா, எட்டாம் நாள் கொடை முடிந்தால்தான் வருவான். எட்டாம் கொடை முடிந்து இன்னும் எட்டு நாளும் போனது. அப்புறம் மேனேஜர் குற்றாலத்தில் இருக்கிறார், டவர் இல்லை. அளவெடுத்த பையன் வேலையை விட்டு நின்றுவிட்டானாம். அவன் நோட்டு எங்கே என்று கேட்டேன். "அவன் எழுதினதுக்கெல்லாம் நாங்க பொறுப்பாக முடியுமா மேடம்?" என்றார்கள். அட்வான்ஸ் வாங்கும் வரை அக்கா, இப்போது மேடம்.

கடைக்கே நேரில் போனேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அம்மாவை உட்காரவும் சொல்லவில்லை. மீதி 32,000 போட்டால்தான் பரண் வேலையே தொடங்கும் என்றார். கட்டில் ஊறியதைச் சொன்னதற்கு, "தண்ணி ஊத்திக் கழுவுனா எந்த போர்டு தாங்கும்? இனிமே துடைக்கச் சொல்லுங்க" என்று அம்மாவைக் கையைக் காட்டிச் சொன்னார். தண்ணியில போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று இவர்கள் வாயால்தானே சொன்னார்கள்! அம்மா வெளியே வந்து, "நான் கழுவினதாலதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். 64,000 ரூபாயை விட இந்தக் கேள்விதான் எனக்கு எரிகிறது.

ஆப்காரர்கள் வேறு மாதிரி. 48 மணி நேரத்தில் அழைக்கிறோம் என்று மெசேஜ் வந்தது, யாரும் அழைக்கவில்லை. மூன்று முறை புகார் எண் கொடுத்தார்கள், மூன்றையும் 'தீர்வு காணப்பட்டது' என்று அவர்களே மூடிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண் பேசினாள். பணம் ஆப் வழியாக வரவில்லை, அதனால் இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள விஷயம் என்றாள். அவர்கள் அனுப்பிய ஆள்தான் வெளியே கட்டச் சொன்னான் என்றேன். ஆதாரம் இருக்கிறதா என்றாள். ஆதாரம் எங்கே இருக்கும்? எங்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டு சொன்ன பேச்சு அது.

1915-க்குப் போன் பண்ணிப் பதிவு செய்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதில் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரமாகச் சிலதை மட்டும் சொல்கிறேன். வாயால் சொன்ன ஒவ்வோர் அளவும் கொட்டேஷனில் இருக்க வேண்டும், முக்கியமாக உள் ஆழம். பிளை என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கிரேடு, கனம், கம்பெனி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையை வெட்டுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள், பட்டை ஒட்டின பிறகு ஒன்றும் தெரியாது. தனி ஆள் நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், ஜி.எஸ்.டி. போனாலும் போகட்டும், பில் வாங்குங்கள். அளவெடுக்க வந்தவர் நோட்டை அப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

கட்டிலைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறோம், அது வேறு இடத்தை அடைக்கிறது. பாயைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோ மேல் வைத்தாயிற்று. அண்டா கூடத்திலேயே இருக்கிறது. இன்று காலையில் அம்மா அரிசி மூட்டையை அதற்குள் இறக்கி, மேலே சுளவைக் கவிழ்த்து மூடி, "இது இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.