"கேக்குதா மேடம்?": 14 மாத வீடியோ கவுன்சலிங் அனுபவம்

நேற்று மதுரை டவுன்ஹால் ரோட்டில் பார்த்த நண்பன் கேட்டான். "மாப்ள, நீ போன்ல பேசுவியே அந்தக் கவுன்சலிங், இப்ப 900 ரூபாயில இருந்து 600 ஆக்கிட்டாங்களாம்ல, சேரலாமா?" வண்டியை மறித்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. வியாழன்தோறும் இரவு எட்டரைக்கு, திருநகர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து 50 நிமிடம் பேசுகிறேன். கீழே அம்மாவும் அண்ணன் பிள்ளைகளும் இருப்பதால் தனியாகப் பேச எனக்கு வேறு இடமில்லை.

முதல் நாள் முழுக்கக் கேள்விகள்தான், மனம் லேசாகும் என்று நினைத்து உட்கார வேண்டாம். கவுன்சலர் மேடம் ஒவ்வொரு முறையும் "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். மூன்றாவது வாரம் கடுப்பாகி ஏன் என்று கேட்டேவிட்டேன். அவர் இருப்பது கோவையில், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆளை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருப்பதும் அதற்குத்தான். பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லுவேன் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். மாத்திரை அவர் எழுத முடியாது, அதற்கு மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட்தான்.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றுதான், அது மௌனம். நேரில் ஒருவர் பேசாமல் இருந்தால் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். போனில் அவர் பேசாமல் இருந்தால் யோசிக்கிறாரா, நெட் போய்விட்டதா என்று தெரியாது. அப்பாவைப் பற்றி வாயைத் திறந்து அழ ஆரம்பித்த நேரத்தில் "கேக்குதா மேடம்?" என்று கேட்டிருக்கிறேன். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார், ஆனால் அழுகை நின்றுவிட்டது, அன்றைக்கு அது திரும்ப வரவே இல்லை.

அதைவிட மோசம் ஆறாவது செஷன். ஆஸ்பத்திரியில் அப்பாவுடன் இருந்த கடைசி இரவை, யாரிடமும் சொல்லாததை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் திரை உறைந்து நிற்கிறது. திரும்ப இணைப்பு வந்ததும் "ஐசியூ வாசல்னு சொன்னீங்க, அதுக்கப்புறம் எனக்குக் கேக்கல" என்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அதை இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னார்கள்!

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். வீடியோவை அணைத்துவிட்டு சாதாரண போன் கால் போலப் பேசுவது, நான் நிறுத்தும் இடத்திலெல்லாம் அவர் "ம்" கொட்டுவது. முகம் தெரியாததால் எனக்குப் பேச்சு தாராளமாக வந்தது. மூன்று மாதம் கழித்து அந்த ஐசியூ இரவை மாடியில் நடந்துகொண்டே முழுசாகச் சொன்னேன், நடுநடுவே அந்த "ம்" மட்டும் வந்துகொண்டிருந்தது.

தூக்கத்துக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் எளிமையானது, செய்வதுதான் கஷ்டம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும், எல்லாவற்றையும் நோட்டில் குறிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இன்னும் மோசமானது, விட்டுவிடலாம் என்றிருந்தேன். இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறேன்.

சேர்வதாக இருந்தால் கவுன்சலரின் படிப்பைக் கேள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும். இரவில் தாங்கவே முடியாமல் போனால் வியாழனுக்காகக் காத்திருக்காதே. 14416-க்கு அடி, 2022 அக்டோபரில் இருந்து நடக்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். நேற்று மறுபடி பேச்சின் நடுவில் ஆப் நின்றுவிட்டது, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இன்றைக்குக் கேட்டால் 600 ரூபாய்க்கும் சேராதே மாப்ள, அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் நேரில் போய் உட்கார், வேண்டுமானால் நான் கூட வருகிறேன். நான் அடுத்த மாதத்துக்கும் கட்டிவிட்டேன்.