துபாயில மகள் படிக்கிற பிரிட்டிஷ் பிறைமரி: ஊரில இருந்து போற ஆக்களுக்காக

லீவுக்கு யாழ்ப்பாணம் வந்து நிக்கிறம், நல்லூர்த் திருவிழா நேரம் எண்டபடியா வீதியில காணுற சொந்தக்காரர் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், துபாயில பிள்ளையை எந்த ஸ்கூலில விட்டனீங்கள், நல்லமோ எண்டு. மச்சாள் குடும்பமும் வாற வருசம் வெளிக்கிடுது. அதால எல்லாத்தையும் வடிவா ஒரேயடியா எழுதி விடுறன். குறையும் சொல்லப்போறன், அதால ஸ்கூலின்ர பேர் போடேல்லை.

மகள் கோண்டாவிலில தமிழ் மீடியத்தில ரெண்டாம் ஆண்டு படிச்சுக்கொண்டிருந்தவ. இதை முதலே சொல்லவேணும், ஏனெண்டா இன்ரநெற்றில கிடக்கிற ஸ்கூல் ஆலோசனை எல்லாம் ஏற்கனவே இங்கிலிஸ் கதைக்கிற பிள்ளையளுக்குத்தான் சரிவரும், நீச்சல் குளம் இருக்கோ ரோபோ லாப் இருக்கோ எண்டு. எங்கட பிள்ளையளின்ர நிலைமை வேற. எங்கட நாட்டில 1ஆம் 2ஆம் ஆண்டில இங்கிலிஸ் எண்டா வாயால சொல்லுறதும் பாட்டும் விளையாட்டும்தான், பாடமா முறையாத் துவங்கிறது 3ஆம் ஆண்டில. பிரிட்டிஷ் முறையில 4 வயசில ரிசெப்ஷன் (இயர் 1க்கு முந்தின வகுப்பு) போகேக்கயே ஃபோனிக்ஸ் (எழுத்துகளின்ர ஒலியைச் சேர்த்து வாசிக்கப் பழக்கிறது) துவங்கீரும், இங்கிலாந்தில இயர் 1 முடியிற நேரம் அதுக்கு ஒரு சோதினையும் வைக்கினம்.

வயசுக் கணக்கும் கவனிக்கவேணும். இங்கிலாந்து முறையில செப்டம்பர் 1 இல இருந்து ஓகஸ்ட் 31 வரைக்கும் பிறந்த பிள்ளையள் ஒரே வகுப்பு. மகள் ஏப்ரலில பிறந்தவ, ஊரில ரெண்டாம் ஆண்டு நடுவில விட்டுட்டுப் போய் அங்க நேர இயர் 3 இல இருந்தா. கேக்கிற ஆக்கள் டபிள் புரமோஷன் எண்டு சந்தோசப்படீனம், அப்பிடி இல்லை, பக்கத்தில இருக்கிற பிள்ளையள் மூண்டு வருசமா இங்கிலிஸில வாசிச்சு எழுதிக்கொண்டு வந்ததுகள், இவவுக்கு அப்பதான் எழுத்துக்கூட்டவே வருது.

அதால நான் சொல்லுறது ஒண்டே ஒண்டு, இங்கிலிஸ் தெரியாமல் வாற பிள்ளையை அந்த ஸ்கூல் என்ன செய்யுது எண்டு பாத்து எடுங்கோ, மற்றதெல்லாம் பேந்து.

நாங்கள் பாத்த ஒரு ஸ்கூலில மகளை ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால இருத்தி இங்கிலிஸ் கேள்வித்தாளை விட்டினம். பிள்ளை திரையைப் பாத்துக்கொண்டே இருந்தா, ஒண்டையும் அமத்தேல்லை, நேரம் முடிஞ்சோன்ன லெவல் காணாது எண்டு சொல்லிவிட்டினம். எனக்கு அண்டைக்குச் சரியான மனவருத்தம், ஊரில வகுப்பில முன்னுக்கு நிண்ட பிள்ளை.

இப்ப படிக்கிற ஸ்கூலில நடந்தது வேற. இங்கிலிஸ் ரெண்டாம் மொழியா வாற பிள்ளையளுக்கெண்டு தனிய ஒரு ரீச்சர், அவதான் மகளைப் பாத்தவ. முதல்ல சொல் இல்லாத கணக்கு, கூட்டல், கழித்தல், வடிவங்களை ஒழுங்கில அடுக்கிறது, மகள் மளமளவெண்டு செய்து முடிச்சிட்டா. அதுக்குப் பிறகு உங்கட மொழியில புத்தகம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டா. பாக்கில கிடந்த தமிழ்ப் பாடப் புத்தகத்தைக் குடுத்தம். வாசிக்கச் சொன்னா. அந்த ரீச்சருக்குத் தமிழில ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாப் பிள்ளையின்ர விரல் வரியில எப்பிடிப் போகுது, எங்க நிறுத்துறா, குரல் எங்க ஏறி இறங்குது எண்டு குனிஞ்சு இருந்து பாத்தா. பிறகு எங்களிட்டச் சொன்னா, இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், இனி இங்கிலிஸ் மட்டும்தான் பழக்கவேணும், வாசிக்கப் பழக்கத் தேவையில்லை எண்டு. அந்த இடத்திலயே நாங்கள் முடிவு எடுத்திட்டம்.

முதல் தவணை முழுக்க ஒவ்வொரு நாளும் வகுப்பில இருந்து கொஞ்ச நேரம் அந்த ரீச்சரிட்டப் போவா. ரொய்லெட் போகவேணும், தண்ணி வேணும், விளங்கேல்லை, தலையிடிக்குது எண்டு படம் கீறின சின்ன அட்டையள் ஒரு வளையத்தில கோத்து இடுப்பில கொழுவி விட்டவை, வாய் திறக்க வெக்கப்பட்டா அட்டையைக் காட்டினாச் சரி. கன நாள் வகுப்பில ஒண்டும் கதைக்காமல்தான் இருந்தவ. ரீச்சர் பயப்பிடாதேங்கோ, கேட்டுச் சேர்க்கிற காலம் இது, வீட்டில தமிழிலயே கதையுங்கோ, தமிழை விட்டிடாதேங்கோ எண்டா. எங்கட ஆக்கள் சிலர் வீட்டிலயும் உடைஞ்ச இங்கிலிஸ் கதைச்சுப் பிள்ளையைக் குழப்பீனம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. ரெண்டாம் தவணையில வாய் திறந்தா, இப்ப நிப்பாட்டேலாது.

இனிக் குறை. பஸ் சரியான மோசம். விடிய இருட்டோட வரும், சுத்திச் சுத்திப் போகும், பிள்ளை வகுப்புக்குப் போகேக்கயே களைச்சுப்போகும், முறைப்பாடு குடுத்தா ஸ்கூல் பஸ் கொம்பனியைக் காட்டும் கொம்பனி ஸ்கூலைக் காட்டும். யூனிபோம் அவை சொல்லுற கடையிலதான் வாங்கவேணும், விலையும் கூட. கணக்கு லேசாக் கிடக்கு, ஊரில படிச்ச பிள்ளைக்கு அலுப்படிக்கும். கச்சான் சேர்ந்த ஒண்டும் குடுத்துவிடேலாது, அலர்ஜிப் பிள்ளையளுக்காக, அது நியாயம்தான்.

அரபு அங்க கட்டாயப் பாடம், முஸ்லிம் இல்லாத பிள்ளையளுக்கும்தான். தமிழ் இல்லை. சில இந்தியப் பாடத்திட்ட ஸ்கூல்களில தமிழை ரெண்டாம் மொழியா எடுக்கலாம், கட்டணமும் பிரிட்டிஷை விடக் கனக்கக் குறைவு, ஆனா வருசம் ஏப்ரலில துவங்கும், அதுக்கேத்த மாதிரி வெளிக்கிடவேணும். ரெண்டு மூண்டு வருசக் கொன்ராக்ரில போய்ப் பிறகு ஊருக்கு வந்து புலமைப்பரிசில் எழுத விடுற எண்ணம் இருந்தா, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர வெப்சைற்றில தமிழ்மொழிமூலப் புத்தகம் எல்லாம் பிடிஎஃப்பாச் சும்மா எடுக்கலாம். நாங்கள் சனிக்கிழமையில அதைத்தான் படிப்பிக்கிறம்.

ஸ்கூல் தேடுறதுக்கு ஏஜென்ற் ஒருத்தரும் தேவையில்லை. துபாயில தனியார் ஸ்கூல்களைக் கண்காணிக்கிறது கேஎச்டிஏ எண்ட அரச நிறுவனம், அவையின்ர வெப்சைற்றில ஒவ்வொரு ஸ்கூலின்ர கட்டணமும் பரிசோதனை அறிக்கையும் கிடக்கு. அவுட்ஸ்ராண்டிங், வெரி குட் எண்ட ரேட்டிங்கை மட்டும் பாத்திட்டு மூடாதேங்கோ. உள்ளுக்க எத்தினை வீத ரீச்சர்மார் வருசத்தில விட்டுட்டுப் போகினம், எந்த நாட்டுப் பிள்ளையள் கூட, ஒரு ரீச்சருக்கு எத்தினை பிள்ளையள் எண்டெல்லாம் போட்டிருப்பினம், அதுதான் உண்மையைச் சொல்லும். அறிக்கையின்ர வருசத்தையும் பாருங்கோ, 2024-25 இல வழமையான முழுப் பரிசோதனை நடத்தேல்லை, அதால கனக்க ரேட்டிங் பழசு. புதுப் பிள்ளைக்கு சீற் பிடிக்க வருசக் கட்டணத்தில 10 வீதத்துக்கு மேல கேட்டா ஏன் எண்டு கேளுங்கோ.

பேப்பர் வேலையை ஊரிலயே முடிச்சிட்டுப் போங்கோ. பிறப்புச் சான்றிதழும் விடுகைப் பத்திரமும் தமிழில இருந்தா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலிஸில எடுக்கவேணும். விடுகைப் பத்திரத்தைக் கல்வி அதிகாரிகளிட்ட உறுதிப்படுத்தி, பிறகு வெளிநாட்டமைச்சு, பிறகு கொழும்பில எமிரேற்ஸ் தூதரகம். வெளிநாட்டமைச்சு வேலைக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) அவையின்ர கொன்சியூலர் கிளை இருக்கு. கிளினிக் கொப்பியில ஊசி போட்ட பக்கங்களைக் கொப்பி எடுத்து வையுங்கோ, கட்டாயம் கேப்பினம்.

அடுத்த வருசத்துக்கும் அதே ஸ்கூலில சீற் உறுதிப்படுத்தியாச்சு. பஸ்ஸை மட்டும் நிப்பாட்டுறம், பக்கத்து பில்டிங்கில இருக்கிற வவுனியாக் குடும்பத்தோட சேர்ந்து மாறி மாறிக் காரில கொண்டுபோய் விடுறதா இருக்கிறம்.