ஸ்விஃப்ட் பெட்ரோல் மைலேஜ்: கோயம்புத்தூர் ரோட்டுல நெசமா எவ்ளோ குடுக்குது

வண்டி மாருதி ஸ்விஃப்ட், 2021 ஃபேஸ்லிஃப்ட், பெட்ரோல் மேனுவல், கே12என் டூயல்ஜெட் இன்ஜின், நாலு சிலிண்டர், 1197 சிசி, 90 பிஎஸ் கிட்ட பவர். ஓடுறது முக்காவாசி கோயம்புத்தூருக்குள்ள, அப்பப்ப சேலம், வருஷத்துக்கு சில தடவை ஊட்டி. டீக்கடைல நிறுத்தினா பக்கத்துல நிக்கிறவரு கேக்குற மொத கேள்வியே "தம்பி, மைலேஜ் எத்தன குடுக்குதுங்க?" தான், அதுக்கு ஒரே நம்பர்ல பதில் சொல்லவே முடியலைங்க, ஏன்னா இதே வண்டி எனக்கு லிட்டருக்கு 10ம் குடுத்திருக்கு, 22ம் குடுத்திருக்கு, ரெண்டுமே நெசம். அதனால எந்த ரோட்டுல, எந்த மாசத்துல, என்ன வேகத்துல எவ்ளோன்னு பிரிச்சே எழுதிடறேன், வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க உங்க ஓட்டத்துக்கு எது பொருந்துதோ அதை எடுத்துக்கோங்க.

கம்பெனி சொல்ற கணக்கு 23.20. இது ஏஆர்ஏஐங்கற வாகனச் சோதனை அமைப்போட டெஸ்ட்ல வந்த நம்பர். அந்த டெஸ்ட் ரோட்டுலயே நடக்கறதில்லைங்கறது நெறைய பேருக்குத் தெரியாது. வண்டியை ரோலர் மேல ஏத்தி, காத்து எதிர்ப்பு டயர் உராய்வு எல்லாத்துக்கும் கணக்கு போட்டு ரோலர்ல லோடு குடுத்து, ஏசி ஆஃப்ல, 20 நிமிஷம் கிட்ட ஓட்டுவாங்க. மொத்த தூரமே 10 கிலோமீட்டர் சொச்சம், உச்ச வேகம் 90, சராசரி போட்டா 32 கிட்ட வரும். இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, எல்லா கம்பெனிக்கும் அதே பரீட்சைதான், ஒரு வண்டியை இன்னொரு வண்டியோட ஒப்பிட்டுப் பாக்க நல்ல அளவுகோல். ஆனா சித்திரை வெயில்ல ஏசியை ரெண்டுல வெச்சுக்கிட்டு காந்திபுரத்துல நிக்கிறவன் அந்த நம்பரைத் தன் வண்டில தேடினா எப்படிங்க கிடைக்கும்?

நான் கணக்கு பாக்குறது டேங்க் டு டேங்க். ஒரே பங்க், முடிஞ்ச வரைக்கும் ஒரே பம்ப், பம்ப் தானா நிக்கிற மொத ஆட்டோ கட்டுலயே நிறுத்தச் சொல்லிடுவேன், டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு ஓட்டி, திரும்ப அதே எடத்துல ஃபுல் பண்ணி, பில்லுல இருக்கற லிட்டரால வகுத்துக்குவேன். "சார் ரவுண்டா போட்டுடவா"ன்னு கட் ஆன பிறகும் நாலு அமுக்கு அமுக்குவாங்க பாருங்க, அதுக்கு எடம் குடுத்தா கணக்கும் போச்சு, டேங்க்ல ஆவிக்குன்னு விட்டு வெச்சிருக்கற எடத்துலயும் பெட்ரோல் ஏறிடும், அந்த ஆவியைப் புடிச்சு வெக்கற கேனிஸ்டருக்கு அது நல்லதில்ல. 37 லிட்டர் டேங்க்ல 39 போட்டுட்டாங்கன்னு சண்டைக்குப் போறவங்களும் இதைக் கவனிக்கணும், கழுத்து வரைக்கும் அடைச்சா சொன்ன கொள்ளளவை விட கூடத்தான் புடிக்கும். அப்படியும் சந்தேகம் தீரலைன்னா பங்க்ல 5 லிட்டர் அளவு கேன் இருக்கும், அதுல அடிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்க நமக்கு உரிமை இருக்கு. மீட்டர் கிளஸ்டர்ல வர்ற சராசரியை நான் அப்படியே நம்பறதில்ல, என் கணக்கை விட ஒரு கிலோமீட்டர் கிட்ட கூட்டித்தான் காட்டும், ஆனா போன வாரத்துக்கு இந்த வாரம் ஏறுதா எறங்குதான்னு பாக்க அது போதும்.

இப்ப சிட்டி. சத்தி ரோட்டுல சரவணம்பட்டிலருந்து கணபதி வழியா காந்திபுரம், சாயங்காலம் ஆபீஸ் விடுற நேரம், ஏசி போட்டு 12லருந்து 13. அதே ரோட்டுல ஞாயித்துக்கெழம காலைல போனா 17 வருது. வண்டி நிக்கிற நேரந்தான் காசைத் திங்குது, சின்ன பெட்ரோல் இன்ஜின் சும்மா ஐடில்ல ஓடினாலே மணிக்கு அரை லிட்டர்லருந்து முக்கால் லிட்டர் வரைக்கும் குடிக்கும், அந்த நேரத்துல மைலேஜ் சுத்தமா ஜீரோ. இந்த மாடல்ல ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் இருக்கு, சிக்னல்ல நியூட்ரல் போட்டு கிளட்ச்சை விட்டா இன்ஜின் தானா அணைஞ்சிடும், கிளட்ச் மிதிச்சா திரும்ப ஸ்டார்ட் ஆயிடும். நெறைய பேரு வண்டி எடுத்ததும் மொத வேலையா அதோட பட்டனை அமுக்கி ஆஃப் பண்றாங்க, நான் நீளமான சிக்னல்ல மட்டும் விட்டு வெப்பேன், பொட்டுப் பொட்டா நகர்ற டிராஃபிக்ல ஆஃப்தான்.

இதுல பெரிய மாத்தம் குடுத்தது வண்டி இல்ல, அவிநாசி ரோட்டு மேம்பாலம். 2025 அக்டோபர்ல தெறந்தாங்களே, உப்பிலிபாளையத்துலருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், ஜி.டி. நாயுடு பேரு வெச்ச பாலம். முன்னாடி கீழ லட்சுமி மில்ஸ், பீளமேடு, ஹோப் காலேஜ்னு ஒவ்வொரு சிக்னலா நின்னு நின்னு 13 வந்த எடத்துல, இப்ப மேல ஏறி நாலாவது அஞ்சாவது கியர்ல ஒரே சீரா போனா 19, 20 வருது. வண்டி அதேதான், கால் அதேதான், மைலேஜ் மட்டும் பாதிக்குப் பாதி கூடிப் போச்சு. கம்பெனியும் கூட்டல, நானும் கூட்டல, நெடுஞ்சாலைத் துறை கூட்டிக் குடுத்தது.

சின்ன ஓட்டம்தான் உள்ளதுலயே மோசம். காலைல குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற ரெண்டு கிலோமீட்டர், அப்புறம் காய்கறிக்கு ஒரு ரவுண்டு, இப்படியே ஓடினா 10 தாண்டறதே கஷ்டம். குளிர்ந்த இன்ஜின் சூடாகற வரைக்கும் பெட்ரோலைக் கொஞ்சம் தூக்கலாத்தான் தெளிக்கும், அது சூடாகறதுக்குள்ள நம்ம வேலை முடிஞ்சு வண்டி ஷெட்டுக்கு வந்துடுது. உங்க ஓட்டம் முழுக்க இந்த மாதிரின்னா எந்த பெட்ரோல் கார் வாங்கினாலும் இதே கதிதான், ஸ்விஃப்ட்டைத் திட்டி பிரயோஜனம் இல்ல.

ஹைவேக்கு வரலாம். சேலம் ரோடு, கணியூர் டோல் தாண்டினதும் ரோடு தெறந்துடும். 80லருந்து 90க்குள்ள வெச்சுக்கிட்டு ஏசியோட ரெண்டு பேரு போனா 21, 22 வரும், இது இந்த வண்டிக்கு ரொம்பப் புடிச்ச வேகம். 110க்குப் போனா 17, 18. எல்லாரும் இன்ஜின் ஆர்பிஎம் பத்தியே பேசுவாங்க, உண்மைல எதிரி காத்துதான். காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கமா ஏறும், 80க்கும் 110க்கும் நடுவுல வேகம் மூணுல ஒரு பங்கு சொச்சந்தான் கூடுது, காத்து தள்ளுற வெசை ரெண்டு மடங்கு கிட்ட வந்துடுது.

அதைக் கண்ணால பாக்கணும்னா ஆடி மாசம் வாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேல்காத்து வரும் பாருங்க, அம்மியும் பறக்குங்கற காத்து, இந்தப் பக்கம் இத்தன காத்தாலை நிக்கிறதே அதை நம்பித்தானே. அந்த நேரத்துல சேலம் போறப்ப காத்து முதுகுல தள்ளுது, பெருந்துறை தாண்டி ஆக்சிலேட்டர்ல கால் வெச்சதே தெரியாது, 23 தொட்டதும் உண்டு. திரும்பி வர்றப்ப அதே காத்து மூஞ்சில. எதிர்காத்து 20 வேகத்துல அடிச்சா 90ல போற நம்ம வண்டிக்கு அது 110 மாதிரி, ஒன்றரை மடங்கு எதிர்ப்பு. இதுல கோயம்புத்தூர் சேலத்தை விட 100 மீட்டருக்கு மேல உசரம் வேற. வரும்போது 17 தான், அதுவும் லாரிக்குப் பின்னாடி ஒதுங்காம நேரா போனா. இது தெரியாம என் மச்சான் ஒரு ஆடில திருச்செங்கோட்டுலருந்து வந்துட்டு "மாமா வண்டில ஏதோ கோளாறு, பெட்ரோல் ஒழுகுதான்னு பாருங்க"ன்னு பானட்டைத் தெறந்து வெச்சுக்கிட்டு நின்னான், ரேடியேட்டர் மூடியையெல்லாம் தடவிப் பாத்துட்டு இருந்தான் பாவம்.

ஊட்டி தனிக்கதை. மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூர் வழியா ஊட்டி 50 கிலோமீட்டர் கிட்ட, ஆனா 1900 மீட்டர் மேல ஏறணும். வண்டி, நாலு ஆளு, லக்கேஜ்னு 1200 கிலோ வெச்சுக்கோங்க, அத்தனை எடையை அந்த உசரத்துக்குத் தூக்க மட்டுமே ரெண்டரை லிட்டர் கிட்ட ஆகும், பெட்ரோல்ல இருக்கற சக்தில கால்வாசிலருந்து 30 சதவீதம் வரைக்கும் தான் சக்கரத்துக்கு வரும், மீதி சூடாப் போயிடும்ங்கறதைச் சேத்துத்தான் இந்தக் கணக்கு. அதே 50 கிலோமீட்டர் சமவெளில போக ஆகற பெட்ரோலும் இன்னொரு ரெண்டரை லிட்டர். ரெண்டையும் கூட்டிப் பாருங்க, ஏத்தத்துல 10 வர்றது ஏன்னு புரிஞ்சிடும். பர்லியார் தாண்டி மீட்டர்ல 9.8னு பாத்துட்டு "இன்ஜின்ல பவரே இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு இதான் பதில். பவரும் ஒண்ணும் கொறையில்லைங்க, ரெண்டாவது கியர்ல ஹேர்பின்ல அழகா எடுக்கும், மூணாவதுல இழுக்கலன்னு புடிவாதமா அமுக்கறதுதான் தப்பு.

எறங்கும்போது கோத்தகிரி வழி, சீசன்ல எப்படியும் அப்படித்தான் திருப்பி விடுவாங்க. இங்கதான் பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விடறாங்க, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன் வேண்டாம். இப்ப இருக்கற இன்ஜின்ல கியர்லயே விட்டு ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலை மொத்தமா நிறுத்திடும், வண்டியோட ஓட்டமே இன்ஜினைச் சுத்தும், செலவு ஜீரோ. நியூட்ரல்ல விட்டாதான் ஐடில் ஓடறதுக்குப் பெட்ரோல் போகும். அதாவது நியூட்ரல்ல எறங்குறவன் காசும் குடுத்து, இன்ஜின் பிரேக்கையும் எழந்து, பிரேக் பேடையும் பொகைய விடறான். கார்புரேட்டர் வண்டி ஓட்டின காலத்துப் பெரியவங்க சொல்லிக் குடுத்தது இன்னும் போகல. ரெண்டாவது மூணாவது கியர்ல எறங்கினா மேட்டுப்பாளையம் வரைக்கும் டேங்க்ல முள்ளே அசையாது, போக வர மொத்தமா கணக்கு பாத்தா 16, 17ல வந்து நிக்குது, மலைக்கு இது நல்ல நம்பர்.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பத்தி சொல்லாம விட்டா கமெண்ட்ல அடிக்க வருவீங்க. எத்தனால்ல லிட்டருக்குள்ள இருக்கற சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, 20 சதவீதம் கலந்தா சுத்தப் பெட்ரோலை விட 6, 7 சதவீதம் கொறையணும், நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையும் பழைய டிசைன் கார்களுக்கு இதே 6லருந்து 7 சதவீதம்னுதான் சொல்லிச்சு. முன்னாடியே 10 சதவீதம் கலந்துதான் வந்துச்சுங்கறதால நமக்குத் தெரியற வித்தியாசம் இன்னும் கம்மியா இருக்கணும். என் கணக்குல ஹைவேல ஒரு கிலோமீட்டர் கிட்ட எறங்கியிருக்கு, சிட்டில டிராஃபிக் ஏத்தஎறக்கத்துல அது தனியா தெரியவே இல்ல. மைலேஜ் பாதியாப் போச்சுன்னு சொல்றவங்க மொதல்ல டயர்ல காத்து பாக்கணும். ஆனா என் வயித்தெரிச்சல் வேற, சக்தி கம்மியான சரக்கைக் கலந்துட்டு லிட்டருக்கு அதே நூறு ரூபாய் சொச்சம் வாங்கறது எந்த ஊர் நியாயம்? 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டி வெச்சிருக்கறவங்க ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் சர்வீஸப்ப ஒரு தடவை பாக்கச் சொல்லிடுங்க, பயப்படறதுக்கில்ல, வயசாகற பார்ட்டு அதுங்கறதால.

சர்வீஸ்னதும் ஞாபகம் வருது. ஒரு சர்வீஸ் சென்டர்ல இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏதோ கோட்டிங்னு நீளமா லிஸ்ட் போட்டு, "சார் மைலேஜ் ரெண்டு மூணு கூடும்"னு அட்வைசர் தம்பி ரொம்ப பாசமா சொன்னாப்ல. எந்த பில்லுல அதை எழுதித் தருவீங்கன்னு கேட்டதும் லிஸ்ட்டு பாதியாச்சு. மைலேஜைத் தூக்கறது எல்லாம் சல்லிசான விஷயங்கதான், டிரைவர் டோர் பக்கத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு டயர்ல காத்து, ஏர் ஃபில்டர், டிக்கில தேவையில்லாம சொமக்கற மூட்டையை எறக்கறது, பிரேக் ஜாம் ஆகாம சக்கரம் ஃப்ரீயா சுத்துதான்னு பாக்கறது. அழகுக்குன்னு பெரிய டயர் மாட்டறவங்களுக்கு ரெண்டு வகைல அடி, உராய்வும் கூடும், சக்கரத்தோட மொத்த உசரம் கூடினா ஓடோமீட்டர் தூரத்தைக் கொறச்சே காட்டும், கணக்கு போட்டா மைலேஜ் நெசத்தை விட மோசமாத் தெரியும்.

சரி, வாங்கலாமா? மாசம் 1000 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு 17க்கும் 20க்கும் வித்தியாசம் 9 லிட்டர் கிட்ட, 900 ரூபாய்னு வெச்சுக்கோங்க. அதுக்காக மட்டும் ஒரு காரை விட்டு இன்னொரு காருக்கு லட்சக்கணக்குல கூடக் குடுக்கறதுல அர்த்தம் இல்ல. என் மாமனார் இன்னும் பழைய 1.3 டீசல் ஸ்விஃப்ட்டை விடமாட்டேங்கறாரு, அது கம்பெனி கணக்குலயே 28.40, ரோட்டுலயும் என் வண்டியை அசால்ட்டா தோக்கடிக்கும், ஆனா 2020ல பிஎஸ்6 புகை விதி வந்தப்ப மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க, இனி அது செகண்ட் ஹேண்ட் ஆசைதான். மாசம் 2000க்கு மேல ஓட்டறவங்க சிஎன்ஜி பாருங்க, 2022ல வந்த ஸ்விஃப்ட் சிஎன்ஜிக்கு கிலோவுக்கு 30.90னு சொன்னாங்க, டிக்கில சிலிண்டர் ஒக்காந்துக்கும், நாலு பேரு லக்கேஜோட பழனி போறது கனவுதான். 2024 மே மாசம் வந்த புது ஸ்விஃப்ட்ல மூணு சிலிண்டர் இன்ஜின், மேனுவலுக்கு 24.80னு போட்டிருக்காங்க. ஷோரூம்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன், எனக்கு அந்த நாலு சிலிண்டரோட வழவழப்புதான் புடிச்சிருக்கு, 1.6 கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்னு அதை மாத்த மனசு வரல.

செகண்ட் ஹேண்ட்ல இந்த 2021லருந்து 2023 வரைக்குமான வண்டி பாக்கறவங்க கிளஸ்டர்ல காட்டற சராசரியைப் பாத்து ஏமாறாதீங்க, அதை ரெண்டு செகண்டுல ரீசெட் பண்ணி பைபாஸ்ல ஒரு ஓட்டு ஓட்டினா யாரு வேணா 22 காட்டலாம். டெஸ்ட் டிரைவ் கேட்டா சாயங்காலம் ஆறு மணிக்கு உக்கடம் பக்கம் கேளுங்க.