அப்பாவைத் தேடிப் போகும் விளையாட்டு

வேலூர் சைதாப்பேட்டையில் வீட்டு மாடியில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள். பென்சில் சீவும் நேரத்தில்கூட கை போனுக்குப் போய்விடும். திட்டிப் பார்த்தேன், பிடுங்கி அலமாரியில் பூட்டியும் பார்த்தேன். போன மாதம் நானே ஒரு கேமை அவர்கள் முன் வைத்தேன்.

பெயர் 'ஃபாதர் அண்ட் சன்'. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் 2017இல் வெளியிட்டது. காசு கிடையாது. மைக்கேல் என்றொரு இளைஞன். அவன் முகம் பார்த்தறியாத அப்பா ஒரு தொல்லியல் ஆய்வாளர். அவர் தடத்தைத் தேடி மகன் நேப்பிள்ஸுக்கு வருகிறான். தெருவில் நடக்கிறான், அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறான், அங்கிருந்து பழைய காலங்களுக்கே போய்விடுகிறான். பண்டைய எகிப்து வருகிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையில் புதைந்துபோன பொம்பெய் நகரம், அது புதைவதற்கு முன் இருந்த கோலத்தில் வருகிறது.

திரையைத் தொட்டு ஆளை நடக்க வைக்க வேண்டும், எதிரே வருபவர்களிடம் பேச வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். "மிஸ், சண்டை எப்போ வரும்?" என்று ஒருவன் கேட்டான். வராது என்றேன். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அந்த அப்பா யார் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு நான் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரே உட்காரலில் முடித்தார்கள். படங்கள் கையால் தீட்டியவை போலவே இருக்கும். பழைய தெருவின் சுவர்களுக்கு என்ன நிறம் என்று இரண்டு பெண்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள்.

இதற்கு முன் வேறொரு பாரம்பரிய ஆப் போட்டுக் காட்டியிருந்தேன், பெயர் வேண்டாம். இந்தக் கோயிலைக் கட்டியவர் யார், நான்கில் ஒன்றைத் தொடு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தேர்வையே போனுக்குள் அடைத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளை தொடும்?

நேப்பிள்ஸ்காரர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. விளையாட்டின் சில பகுதிகள் அந்த அருங்காட்சியகத்துக்கு நேரில் போனால்தான் திறக்கும். "அப்போ நாம இத்தாலி போகணுமா மிஸ்?" என்றாள் ஒருத்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் நம் கோட்டைக்குக் கூட்டிப் போனேன்.

கையில் சீட்டு எழுதி வைத்திருந்தேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு ஒரே ஒரு சீட்டு: 'தலைகீழாகத் தொங்குபவர்களைக் கண்டுபிடி.' யாளித் தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றினார்கள். குதிரை வீரர்களின் காலடியில் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள். விதானத்தில் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள். கல் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பதினோரு பேரும் எண்ணினார்கள். எத்தனை முறை இதே மண்டபத்தில் பிரசாதம் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பியிருக்கிறோம்!

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைப் பாடத்தில் படித்திருக்கிறார்கள். கண்டியின் கடைசி அரசன் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்ததும், பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவனுக்கானது என்பதும் பாதிப் பேருக்குப் புதிய செய்தி. நமக்கென்று ஒரு கேம் செய்ய இத்தனை கதை கிடக்கிறது. யாராவது செய்ய மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.

சரி, கேமுக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது. போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுங்கள். வேகமான ஆட்டத்துக்கே பழகிய பிள்ளைக்கு முதல் பத்து நிமிடம் மெதுவாகத்தான் தெரியும்.

நெடுங்காலம் பூஜையில்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து சுவாமி வந்தார் என்று அன்று கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் சொன்னேன். சண்டை கேட்டவனுக்கு வீடு சத்துவாச்சாரியில்தான். "எங்க பாட்டி பார்த்திருப்பாங்களா மிஸ்?" என்றான். அடுத்த வகுப்புக்கு மூன்று பக்கம் வரைந்துகொண்டு வந்தான். முதல் பக்கத்தில் அகழிப் பாலத்தின் மேல் பாவாடை தாவணியில் ஒரு பெண். பாட்டியாம்.