குணச்சித்திர நடிகைக்கு மேடையா, திரையா?

குணச்சித்திர வேடங்களில் ஆசை கொண்ட கொங்குப் பெண்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார்கள்.

செலவு
மேடை: பூச்சாட்டு நோன்பில் (மாரியம்மன் கோயில் திருவிழாவில்) பக்கத்து ஊரிலேயே நாடகம் கிடைக்கும், விடிந்ததும் வீடு.
திரை: கோவையில் பட்சிராஜா, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று படப்பிடிப்பு நிலையங்கள் இருந்த காலம் போய்விட்டது. சென்னை வாடகையை முதலில் கணக்கிடுங்கள்.

குரல்
மேடை: கொங்கு நாட்டார் கதையான அண்ணன்மார் கதையில், மாண்ட அண்ணன்களுக்காகத் தங்கை தங்காள் படுகளத்தில் (போர்க்களத்தில்) அழும்போது, கடைசி வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆத்தாவுக்கும் அது கேட்க வேண்டும். ஒருமுறை திரைக்குப் பின்னால் பார்த்தேன்: தங்காளாக நடித்துவிட்டு, தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் கை அப்போதும் நடுங்கியது. இந்தப் பயிற்சியை எந்தக் கேமராவும் தராது.
திரை: முணுமுணுத்தாலும் போதும், முகம் பேச வேண்டும்.

பேச்சு வழக்கு
மேடையில் கொங்குத் தமிழ் இயல்பானது. திரையிலும் அது செல்லும் என்று 1995இல் 'சதி லீலாவதி'யில் கோவை சரளா காட்டினார். அவர் நகைச்சுவையோடு நின்றுவிடவில்லை. 2022இல் 'செம்பி'யில் மலைவாழ் பாட்டியாக நடித்தார்.

நிலைப்பு
மேடை: அன்றிரவோடு கரைந்துவிடும்.
திரை: பேரன் பேத்தியும் பார்ப்பார்கள்.

குடும்பத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கு மேடை. சில வருடம் வருமானமின்றித் தாங்க முடிந்தவர்களுக்குத் திரை. இளம் வயதென்றால், என் கருத்தில், மேடைதான் முதலில். மனோரமா நாடகத்திலிருந்துதான் 1958இல் திரைக்கு வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.