உவர்மலை விடுமுறை வகுப்பு: அசீமா சட்டர்ஜியிலிருந்து தொடங்கிய சேதன இரசாயனம்

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் என் மகளைத் தவணை விடுமுறையில் திருகோணமலை உவர்மலையில் நடைபெற்ற மூன்று நாள் சேதன இரசாயன வகுப்பில் சேர்த்தேன். பெற்றோரும் இருந்து கேட்கலாம் என்றதால் கடைசி வாங்கில் நானும் அமர்ந்தேன். தாக்கங்களை மனனம் செய்விக்கும் அவசரம் எதுவுமின்றி, ஆசிரியை முதல் நாள் முழுவதையும் இந்திய இரசாயனவியலாளர் அசீமா சட்டர்ஜியின் வாழ்க்கைக்கே ஒதுக்கியிருந்தார்.

1917இல் கல்கத்தாவில் பிறந்த அசீமா, 1940இல் லேடி பிரபோர்ன் கல்லூரியில் இரசாயனவியல் துறையைத் தொடக்கி, 1944இல் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். 1961இல் கிடைத்த பட்நாகர் விருதையும் 1975இல் இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஆசிரியை வேலியோரத்தில் பிடுங்கி வந்த பட்டிப்பூச் செடியைக் கையில் எடுத்தார். அதன் இலைகளை அரைத்து, ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் சூடாக்கி, வடித்த தெளிவான நீரில் அயடீனும் பொற்றாசியம் அயடைட்டும் கலந்த கரைசலைத் துளித்துளியாக விட்டபோது, சோதனைக் குழாயில் செம்பழுப்பு வீழ்படிவு கலங்கி இறங்கியது. அசீமா பல்லாண்டுகள் ஆராய்ந்த, நைதரசன் கொண்ட தாவரச் சேர்வைகளான அல்கலோயிட்டுகள் என் கண்முன்னே தெரிந்தன. அந்தக் கணத்தை நான் மறக்கமாட்டேன்.

பட்டிப்பூவிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்ரினை அசீமாவே கண்டுபிடித்தார் எனப் பலரும் எழுதுகிறார்கள். அதனைப் பிரித்தெடுத்தவர்கள் கனடாவின் விஞ்ஞானிகளான நோபிளும் பியரும் என்று ஆசிரியை தெளிவாகத் திருத்தியது, இந்த வகுப்பின் மீது எனக்கு நம்பிக்கையை ஏற்படுத்தியது. தம்பலகாமத்து வயலோரங்களில் நாம் மிதித்துக் கடக்கும் ஆரையின் இனத்திலிருந்து அசீமா வலிப்பு நோய்க்கு மருந்து உருவாக்கியதை அறிந்த மகள், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினாள்.

குறையையும் சொல்ல வேண்டும். கொடுக்கப்பட்ட நிழற்பிரதிகளில் வளையக் கட்டமைப்புகளின் கோடுகள் மங்கி, நைதரசன் அணு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து மகள் அனைத்தையும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அனுப்புவோர் கோடிடாத கொப்பியும் கூரான பென்சிலும் கொடுத்துவிடுங்கள்; முதல் நாளைத் தவறவிடாதீர்கள்.