ஆன்டிபயாடிக்கோடு வரும் அந்த சாஷே: எல்ஜிஜியா, பௌலார்டியா, நிஸ்ஸலா, தயிரா?

ஆன்டிபயாடிக் எழுதினால் கூடவே ஒரு புரோபயாடிக் சாஷேயும் சேர்ந்து வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாமும் "நல்ல பாக்டீரியாதானே" என்று விழுங்கிவிடுகிறோம், அது எந்த பாக்டீரியா, குடலுக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டியது அதைத்தான், ஏனென்றால் இவற்றில் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்வதில்லை.

குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். அதற்கு மேலே சளிப்படலம், கீழே ஏராளமான நோய் எதிர்ப்பு செல்கள். இந்தப் படை சாப்பாட்டோடு சண்டைக்குப் போகக் கூடாது, சால்மோனெல்லா மாதிரி நோய்க்கிருமி வந்தால் சும்மா இருக்கவும் கூடாது. டென்ட்ரிடிக் செல்கள் குடலுக்குள் இருப்பதைத் தொட்டுப் பார்த்து டி செல்களுக்குத் தகவல் சொல்கின்றன, ஐஜிஏ என்ற ஆன்டிபாடி கிருமிகளைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது, ரெகுலேட்டரி டி செல்கள் வேண்டாத அழற்சியை அடக்குகின்றன. அதனால் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று டப்பாவில் போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம்தான் வரும். குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரி குடல் அழற்சி நோய்களில் அந்தச் சக்தி கட்டுப்பாடு இல்லாமல் கூடிப்போனதுதானே பிரச்சினையே!

சரி, எல்ஜிஜி. முழுப்பெயர் லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி. கோர்பாக், கோல்டின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1980-களில் ஆரோக்கியமான ஒரு மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. கடைசி இரண்டு எழுத்தும் அவர்கள் பெயரின் முதலெழுத்துகள். இதன் உடம்பில் மெல்லிய இழைகள் உண்டு, அவற்றால் சளிப்படலத்தைப் பற்றிக்கொள்கிறது. அதைவிட முக்கியம் இது சுரக்கும் பி40 என்ற புரதம்: குடல் சுவர் செல்களில் இருக்கும் ஒரு ரிசெப்டரைத் தூண்டி, அழற்சி நேரத்தில் அந்த செல்கள் செத்துப்போகாமல் காக்கிறது. ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் இது அழகாக வேலை செய்தது. ஆனால் 2018-இல் அமெரிக்காவில் வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த 971 குழந்தைகளிடம் சோதித்தபோது, எல்ஜிஜி சாப்பிட்டவர்களில் 11.8 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்கும் நோய் கடுமையானது. இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குழந்தைகளிடம் தடுப்பதில் மட்டும் எல்ஜிஜிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது.

அதே வேலைக்கு நிற்கும் இன்னொரு ஆள் சாக்கரோமைசிஸ் பௌலார்டி. இது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். 1920-களில் ஆன்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் காலரா பரவிய சமயத்தில், மக்கள் லிச்சி, மங்குஸ்தான் தோலைக் காய்ச்சிக் குடிப்பதைக் கவனித்து அதிலிருந்து எடுத்தார். ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் இதைக் கொல்லாது. அமாக்ஸிசிலின் சாப்பிடும்போதே கூடச் சாப்பிடலாம். (ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து சாப்பிட்டால் இது செத்துவிடும்.) குடலில் ஐஜிஏ சுரப்பை இது கூட்டுவது விலங்குகளில் தெரியவந்திருக்கிறது. கூடவே இது சுரக்கும் ஒரு என்சைம், ஆன்டிபயாடிக்குக்குப் பின் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் நச்சையே வெட்டிப்போடுகிறது. ஆன்டிபயாடிக் காலத்துக்கு மட்டும் என்றால் என் ஓட்டு பௌலார்டிக்குத்தான். ஆனால் ஐசியூவில் இருப்பவர், கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற குழாய் போட்டிருப்பவர், கீமோ எடுப்பவர் பக்கத்தில் இதைக் கொண்டுபோகவே கூடாது. ரத்தத்தில் ஈஸ்ட் கலந்து உயிர் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது நிஸ்ஸல் 1917. இது ஒரு ஈ.கோலை, வயிற்றுப்போக்குக்குப் பேர்போன பாக்டீரியா இனம்! முதல் உலகப்போரில் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் சீதபேதி வந்தபோதும் பாதிக்கப்படாத ஒரு சிப்பாயின் குடலிலிருந்து ஜெர்மனியின் ஆல்ஃப்ரட் நிஸ்ஸல் 1917-இல் எடுத்தது. இதன் வால் புரதம் குடல் சுவரைத் தூண்டி, டிஃபென்சின் என்ற சொந்தக் கிருமிநாசினியைச் சுரக்க வைக்கிறது, செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகளும் இறுகுகின்றன. அடங்கியிருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் திரும்ப வராமல் தடுப்பதில், 2004-இல் வெளியான 327 பேர் ஆய்வில் ஓராண்டில் நிஸ்ஸல் குழுவில் 36.4 சதவீதம் பேருக்கும், வழக்கமான மருந்தான மெசலாசின் குழுவில் 33.9 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது, அதாவது கிட்டத்தட்ட சமம். புரோபயாடிக் உலகில் இப்படி ஒரு மருந்துக்கு நேர் நின்றவை அபூர்வம். ஆனால் டிஎன்ஏவைச் சிதைக்கும் கோலிபாக்டின் என்ற பொருளை உண்டாக்கும் ஜீன்களும் இதே பாக்டீரியாவிடம் இருக்கின்றன, அதனால் இரைப்பை–குடல் நிபுணர் சொல்லாமல் யாரும் இதைத் தொடக்கூடாது.

தயிர்? வீட்டுத் தயிரில் எந்த ரகம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் அதை மருந்தோடு நேராக ஒப்பிடவும் முடியாது. தயிர் பாக்டீரியாக்கள் குடலில் குடியேறுவதும் இல்லை, வந்துவிட்டுப் போகின்றன. அப்படியும் 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்த ஆய்வில், பத்து வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி மாதிரி புளித்த உணவுகளைத் தினமும் நிறையச் சாப்பிட்டவர்களின் குடல் நுண்ணுயிர்களில் வகைகள் பெருகின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்களும் குறைந்தன. ஆரோக்கியமாக இருப்பவருக்கு மாதக்கணக்கில் கேப்ஸ்யூலுக்குச் செலவழிப்பதைவிட இது மேல். மோர்க்குழம்பை நுரை கட்டும் வரை சூடாக்கினால் பாக்டீரியா பெரும்பாலும் போய்விடும் என்பதால் மோராகவோ தயிர்ச்சோறாகவோ சாப்பிடுங்கள்.

கேப்ஸ்யூல் தீங்கில்லாதது என்பதும் முழு உண்மை இல்லை. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில், ஆன்டிபயாடிக் முடித்ததும் 11 ரகம் கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பி வருவது தாமதமானது.

அப்படியானால் எல்லாமே வீணா என்றால், இல்லை. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்குத் தீனியான ஒருவகைச் சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். செப்சிஸோ (உயிருக்கு ஆபத்தான கடும் தொற்று) மரணமோ நேர்ந்த குழந்தைகள் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. ஆனால் இவர்கள் 35 வாரம் தாண்டிப் பிறந்த, இரண்டு கிலோவாவது எடையுள்ள குழந்தைகள். அதைவிடச் சின்னக் குறைப்பிரசவக் குழந்தைகள் விஷயத்தில் 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரிக்கை விட்டிருக்கிறது, கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி ஒரு குழந்தை இறந்ததால். வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள், என்.ஐ.சி.யூ (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) மருத்துவரிடம் ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.